பதினோரு ஆதார் கார்டுகள்

உடையார்பாளையம்
15.3.2026

அன்பு மகள் பூங்குழலிக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் தலைவலி காய்ச்சல் என்று படுக்காமல் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், நீயும் அந்தக் குளிர் தேசத்தில் கை கால் சுகத்தோடு இருக்க வேண்டும் என்று சாயங்காலம் விளக்கு வைக்கும்போதெல்லாம் அம்மா வேண்டிக்கொள்கிறாள், நானும் பக்கத்தில் நின்று வேண்டிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது இந்த அப்பாவுக்குக் கடிதம் எதற்கு என்று நீ நினைப்பாய். சவுதியில் இருந்தபோது எங்கள் கேம்ப்பில் இருபது பேருக்கு நான்தான் ஊருக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பேன், அடுத்தவர் மனதில் இருப்பதை எல்லாம் எழுதத் தெரிந்த எனக்கு என் மனதில் இருப்பதைச் சொல்ல இத்தனை மாதம் ஆகிவிட்டது. போனில் உன் குரலைக் கேட்டால் சாப்பிட்டியா, அங்க குளிருதா என்ற இரண்டு கேள்விக்கு மேல் எனக்கு வருவதில்லை, உடனே அம்மாவிடம் நீட்டிவிடுகிறேன். எழுதி முடித்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடலாமே, இதுக்குப் போயி தபால் செலவா என்று அம்மா கேட்டாள். வேண்டாம், இது காகிதமாகவே அவள் கைக்குப் போகட்டும் என்று சொல்லிவிட்டேன்.

ஊர் சேதி முதலில் சொல்லிவிடுகிறேன். முந்திரி இந்த வருடம் நன்றாகப் பூத்தது, தை மாதம் பனி அதிகமாக இருந்ததால் பூவெல்லாம் கருகிவிடுமோ என்று பயந்தோம், ஆனாலும் காய் பிடித்திருக்கிறது, இன்னும் பதினைந்து நாளில் பொறுக்க ஆரம்பிக்கலாம். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, ஜெயங்கொண்டம் டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நாலு நாள் போட்டுவிட்டு நிறுத்திவிட்டாள், நீதான் போனில் அதட்ட வேண்டும். வெள்ளாடு இரண்டு குட்டி போட்டிருக்கிறது. பிறகு உன்னைப் பற்றிய பேச்சுதான். கூட்டுறவு சங்கத்துக்குப் போனால் அங்கே ஒருவர், டீக்கடைக்குப் போனால் அங்கே ஒருவர், பொண்ணு என்ன படிக்குது, டாக்டருக்கா, கம்ப்யூட்டரா என்று கேட்காத ஆள் இல்லை. நீ புறப்படும்போது உன் படிப்பின் பெயரைத் தமிழில் எழுதிக் கொடுத்தாயே, குடிபெயர்வுக் கொள்கையில் மனித உரிமைகள் என்று, அந்தச் சீட்டு என் சட்டைப்பையிலேயே இருந்தது. முதலில் அதை எடுத்துப் படித்துக் காட்டுவேன், கேட்டவர் ஒன்றும் புரியாமல் தலையாட்டுவார், எனக்கும் அதற்கு மேல் சொல்லத் தெரியாது. இப்போது சீட்டு தேவைப்படுவதில்லை. பொழப்பு தேடி ஊரு வுட்டு ஊரு போறவன எப்படி நடத்தணும், எப்படி நடத்தக்கூடாதுன்னு சட்டம் எழுதுற படிப்பு, அதுக்காக அந்த நாட்டு அரசாங்கமே செலவு பண்ணி எம் பொண்ண படிக்க வைக்குது என்று சொல்கிறேன். சொல்லும்போது குரல் கொஞ்சம் சத்தமாகத்தான் வருகிறது. வரட்டும்.

நான் வேலைக்குப் போவதில்லை என்று மட்டும் அம்மா உன்னிடம் சொல்லியிருப்பாள். ஏன் என்று நான்தான் சொல்ல வேண்டும் என்று அவளைத் தடுத்து வைத்திருந்தேன். நீ கிளம்புவதற்கு முந்தின வாரம் நடந்ததிலிருந்து ஆரம்பிக்கிறேன், உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் என் பக்கம் உனக்குத் தெரியாது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு கொண்டுவருகிறேன் என்று ஹாலோ பிளாக் கம்பெனிக்கு நீ வந்தாய். நான் ஆறு வருடமாக சூப்பர்வைசராக இருந்த இடம், நீ உள்ளே வந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்த நேரத்தில் நீ ஷெட்டுக்குப் போய் ஜார்க்கண்ட் ஆட்களோடு இந்தியில் பேசிக்கொண்டிருந்தாய், அவர்கள் சிரிப்பதைக் கேட்டு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அன்று ராத்திரி சோறு போட்டு வைத்ததும் கேட்டாய், அப்பா, அந்த பதினோரு பேரோட ஆதார் கார்டும் உங்க ஆபீஸ் பீரோவுலதான் இருக்காமே, சாவி யாருகிட்டப்பா இருக்கு என்று. எங்கிட்டதான் என்று நான் சொன்னேன், அதில் என்ன இருக்கிறது என்ற நினைப்பில்தான் சொன்னேன். நீ சத்தம் போடவில்லை. சவுதியில உங்க பாஸ்போர்ட் இருந்த பீரோவுக்குச் சாவி யாருகிட்டப்பா இருந்துச்சு என்று மட்டும் கேட்டாய். நான் தட்டிலேயே கை கழுவிவிட்டு எழுந்து போனேன். படிச்ச திமிரு என்று வாசலில் நின்று நான் சொன்னது உன் காதில் விழுந்திருக்கும். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான் வரவில்லை, முதுகுவலி என்று சொன்னேன், முதுகு நன்றாகத்தான் இருந்தது. நீ போன கார் முக்கு திரும்புகிற வரைக்கும் முந்திரிக்கொல்லை வரப்பில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தது நீ கேட்டது தப்பு என்பதற்காக இல்லை, அது சரியாகப் போய்ப் பட்டுவிட்டது என்பதற்காக. தாத்தா இறந்தபோது உனக்கு எட்டு வயது. நான் சவுதியில் தம்மாம் பக்கத்தில் ஒரு கம்பெனியில் கம்பி கட்டிக்கொண்டிருந்தேன். டிக்கெட் கிடைக்கவில்லை, அதனால் வர முடியவில்லை என்றுதான் எல்லோரிடமும் சொன்னேன், உன் அம்மாவிடமும் அதைத்தான் சொன்னேன். டிக்கெட் எல்லாம் இருந்தது. பாஸ்போர்ட்தான் இல்லை. நாங்கள் போய் இறங்கின அன்றே வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள், கபில் என்று சொல்கிற முதலாளி ஊரில் இல்லை, அவர் சொல்லாமல் எடுக்க முடியாது என்றார்கள். ஆபீஸில் சாவி வைத்திருந்தவன் அரபிக்காரன் இல்லை, பாப்பா. நம் தமிழ்நாட்டு ஆள்தான், என் வயதுதான் இருக்கும். அவன் மேஜைக்கு முன்னால் நின்று, எங்கப்பா செத்துப் போயிட்டாருங்க, நான்தான் மூத்தவன், நான் போயித்தான் கொள்ளி வைக்கணும் என்று சொன்னேன். அவன் எழுந்து நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டு, நான் என்னண்ணே பண்றது, சாவிதான் எங்கிட்ட இருக்கு, அதிகாரம் எங்கிட்ட இல்ல என்றான். அங்கேயிருந்து கேம்ப்புக்கு நடந்து வந்தேன், மறுநாள் வேலைக்குப் போனேன். உன் சித்தப்பா கொள்ளி வைத்தான். அந்த முதலாளியின் முகம் கூட எனக்கு இன்றைக்கு ஞாபகம் இல்லை, ஆனால் தோளைப் பிடித்த அந்த ஆளை மட்டும் பதினெட்டு வருடமாக மனதுக்குள் வைதுகொண்டே இருந்தேன்.

இனிமேல் நடந்ததைக் கேள். பொங்கல் முடிந்து நாலைந்து நாள் இருக்கும், ஜனவரி இருபத்தொன்று, புதன்கிழமை. காலை பத்து மணிக்கு மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது சுக்லால் வேலையை நிறுத்திவிட்டு ஆபீஸுக்கு வந்தான். உனக்குத் தெரியும், நீ பேசிக்கொண்டிருந்தாயே, கலவை போடுகிற ஒல்லியான பையன், இருபத்தைந்து வயது, கல்யாணமாகி இரண்டு வருடம். அவன் மச்சான் அனுப்பின போட்டோவைக் காட்டினான். அவன் பெண்சாதிக்குப் பிரசவம் ஆகி குழந்தை நன்றாக இருக்கிறது, பெரிய உயிர்தான் ஆபத்தில் இருக்கிறது, ரத்தம் நிற்கவில்லை, ராஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். உடனே போக வேண்டும், அங்கே ஆஸ்பத்திரியில் காப்பீட்டுக்குப் புருஷனின் ஆதார் அசல் வேண்டுமாம், ரயிலிலும் கேட்பார்கள், கார்டைக் கொடுங்கள் அண்ணா என்றான். முதலாளி கொளஞ்சியப்பன் அன்றைக்கு ஒரு புதுமனை புகுவிழாவுக்காக திருச்சி போயிருந்தார். போன் போட்டேன். அவர் இரக்கம் இல்லாதவர் என்று சொல்ல முடியாது, அடடா என்றுதான் முதலில் சொன்னார். பிறகு, வழிச்செலவுக்குக் குடுத்து அனுப்பு அய்யாக்கண்ணு, பத்து நாள்ல வந்துடச் சொல்லு, ஆனா கார்ட மட்டும் குடுத்துடாத, அது இங்க இருந்தாதான் ஆளு திரும்பி வருவான் என்றார். ஆஸ்பத்திரியில் கேட்கிறார்களாம் என்றேன். அதெல்லாம் ஜெராக்ஸ் குடுத்தா போதும், நீ சொன்னதச் செய்யி என்று வைத்துவிட்டார்.

சுக்லால் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. ஓனர் அங்க இருக்கு அண்ணா, நீங்க இங்க இருக்கு, சாவி உங்க பாக்கெட்ல இருக்கு என்று அவனுக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டு நின்றான். நான் எழுந்து அவன் தோளில் கை வைத்தேன். நான் என்ன தம்பி பண்றது, சாவிதான் எங்கிட்ட என்று என் வாயிலிருந்து வந்தது. பாதியில் நின்றுவிட்டது, பாப்பா. அதே வார்த்தை. அதே மாதிரி தோளில் கை. யாரை இத்தனை வருடம் வைதேனோ அவன்தான் இப்போது என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறான் என்று தெரிந்தது. அன்றைக்கு ராத்திரி நீ கேட்ட கேள்விக்கு ஐந்து மாதம் கழித்து அங்கேதான் எனக்குப் பதில் வந்தது.

பீரோவைத் திறந்தேன். கார்டெல்லாம் ஒரு பழைய இனிப்புப் பெட்டியில் ரப்பர் பேண்டு போட்டு இருந்தது. சுக்லால் கார்டை மட்டும் எடுத்துக் கொடுத்திருக்கலாம், அப்படித்தான் எடுக்கப் போனேன், ஆனால் மீதியைத் திரும்ப உள்ளே வைக்கக் கை வரவில்லை. மெஷினை நிறுத்தச் சொல்லி எல்லோரையும் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடுகிற மாதிரி ஒவ்வொரு கார்டாகப் பார்த்துப் பெயரைப் படித்தேன், ஆறு வருடத்தில் அவர்களுடைய முழுப்பெயரை அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னேன். மங்ரா என்று நாங்கள் கூப்பிடுகிறவன் கார்டில் மங்கள் ஒராவோன் என்று இருக்கிறான். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை, கம்பெனியை மூடப்போகிறார்கள், கணக்கு முடிக்கிறார்கள் என்று நினைத்து முகமெல்லாம் செத்துப்போய்விட்டது. காம் பந்த், வேலை இல்லையா என்று ஒருவன் கேட்டான். வேலை இருக்கு, போங்க, போயி வேலையப் பாருங்க, இது உங்க கார்டு, உங்ககிட்டயே இருக்கட்டும் என்று சொன்னேன். மங்ரா கார்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அதில் இருந்த தன் போட்டோவைப் பார்த்துச் சிரித்தான். அப்போது மீசை கூட முளைக்காத முகம்.

சுக்லாலை என் வண்டியிலேயே அரியலூர் ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போனேன். சிமெண்டு லாரிகளுக்கு நடுவில் அந்த ரோட்டில் நான் அவ்வளவு வேகமாகப் போனது கிடையாது. பின்னால் பையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு கையால் சட்டைப்பையைப் பிடித்துக்கொண்டே வந்தான். மெட்ராஸ் போகிற பகல் வண்டி வருவதற்கு இருபது நிமிடம் இருந்தது, இரண்டு புளிச்சோறு பொட்டலம் வாங்கிக் கொடுத்தேன். பிளாட்பாரத்தில் உட்கார்ந்துகொண்டு, அண்ணா, வேலை போயிடுமா என்று கேட்டான். நீ திரும்பி வர்றப்ப வேல இருக்கும்டா என்றேன். இல்ல அண்ணா, உங்க வேலை என்றான். அவன் பெண்சாதி அங்கே எப்படி இருக்கிறாளோ என்று தெரியாத நேரத்தில் அவன் என்னைப் பற்றி யோசித்திருக்கிறான். வண்டி வந்ததும் காலைத் தொட குனிந்தான், நான் பிடித்து நிறுத்தி ஏற்றிவிட்டேன்.

மறுநாள் காலையில் கொளஞ்சியப்பன் வந்தார். அவருக்கு விஷயம் முன்பே போய்விட்டது. ஆட்களைக் கூப்பிட்டு கார்டையெல்லாம் திரும்பக் கொடுங்கள் என்றார். ஒருவரும் அசையவில்லை. மங்ராதான் முதலில் கார்டை எடுத்து அவருக்குக் காட்டி, பிறகு தன் சட்டைப்பையிலேயே போட்டுக்கொண்டான். மற்றவர்களும் அப்படியே நின்றார்கள். அவருக்கு ஆத்திரம் என் பேரில் திரும்பிவிட்டது. ஒம் மவ எங்கயோ ஒக்காந்து படிக்குறதுக்கு எங் கம்பெனிதான் கெடச்சுதா என்று கேட்டார். அவ அங்க ஒக்காந்து படிக்கிறதே இந்த மாதிரி எடத்தப் பத்திதாங்க, எனக்குத்தான் இத்தன நாளா தெரியலங்க என்றேன். மரியாதைக் குறைவாக ஒரு வார்த்தை பேசவில்லை, சாவியை மேஜை மேல் வைத்தேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார், சரிங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். வீடு வந்து சேர்கிற வரைக்கும் மனதுக்குள் உன்னிடம் பேசிக்கொண்டேதான் வந்தேன்.

அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. பொண்ணு ஊர்ல இல்லாத நேரத்துல வேலய வுட்டுட்டு வந்து நிக்கிறீங்களே, ஒரு வார்த்த கேட்டீங்களா என்று முதல் நாள் சொன்னதோடு சரி. அவள் கேட்டதும் நியாயம்தான். மூன்றாம் நாள் நான் நடந்தது முழுவதையும், தம்மாமில் நடந்ததையும் சேர்த்து அவளிடம் சொன்னேன். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் அதை அன்றைக்குத்தான் அவள் கேட்டாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே எழுந்து போய் சோறு போட்டு எடுத்து வந்து, படிக்கப் போனது அவ, பரீட்ச எழுதுனது நீங்களா என்று சொல்லிச் சிரித்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் ஒரு குறையும் இல்லை.

நாலாம் நாள் சுக்லால் போன் பண்ணினான். ரத்தம் ஏற்றி ஆபரேஷன் செய்து அவளைக் காப்பாற்றிவிட்டார்கள். வீடியோவில் காட்டினான், கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அந்தப் பெண் என்ன மொழியில் என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியாது, கையெடுத்துக் கும்பிட்டாள். குழந்தை பெண். அம்மா போனைப் பிடுங்கி அந்தக் குழந்தையைத் தமிழிலேயே கொஞ்சினாள்.

இவ்வளவு நடந்த பிறகு எனக்கு ஒரு காரியம் பாக்கி இருந்தது. மாசி பிறந்ததும் மீன்சுருட்டிக்குப் போய் உன் சித்தப்பா அரியமுத்துவைப் பார்த்தேன். அவன் என்னோடு சண்டை போட்டவன் இல்லை, விசேஷத்துக்கு வருவான், வாங்கண்ணே என்பான், சாப்பிட்டதும் போய்விடுவான். ஏன் அவன் அப்படி இருந்தான் என்று உனக்கும் கேள்வி இருந்திருக்கும். வயலில் மருந்தடித்துவிட்டு மோட்டார் கொட்டகையில் கை கால் கழுவிக்கொண்டிருந்தான். உட்கார்ந்து பேசினால் எனக்குத் தைரியம் போய்விடும் என்று நின்றபடியே சொன்னேன், அப்பா செத்தப்ப டிக்கெட் கெடைக்கலன்னு நான் சொன்னது பொய்டா முத்து, எம் பாஸ்போர்ட்டக் குடுக்கல என்று. அவன் குழாயை நிறுத்தவில்லை, தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. சம்பாத்தியத்த வுட்டுட்டு வர பெரியவனுக்கு மனசு இல்லன்னு ஊரே பேசுச்சு, நானும் சேந்துதான் பேசுனேன் என்றான். பிறகு, ஏண்ணே, எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்ல என்றான். என்னத்தச் சொல்றது, அங்க நான் அடிமையா இருந்தேன்னா சொல்றது, வெளிநாட்டுக்காரர்னு ஊர்ல என்னக் கூப்புடுறாங்க என்றேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போனான். சித்தி கெண்டை மீன் குழம்பு வைத்திருந்தாள், சாப்பிட்டுத்தான் போக வேண்டும் என்று உட்காரவைத்தார்கள். வரும் ஆடி அமாவாசைக்கு இரண்டு பேரும் சேர்ந்து அணைக்கரைக்குப் போய் கொள்ளிடத்தில் அப்பாவுக்குத் திதி கொடுப்பது என்று பேசியிருக்கிறோம். உன் ஒரு கேள்வி எங்கெல்லாம் போயிருக்கிறது பார்த்தாயா.

இதைக் கதை மாதிரி எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று நீ நினைத்துவிடக் கூடாது, அதனால் இதையும் எழுதுகிறேன். சுக்லால் திரும்பி வரவில்லை. அங்கேயே ஒரு ரைஸ் மில்லில் வேலை கிடைத்துவிட்டது, பெண்சாதியை விட்டுவிட்டு வர மனதில்லை அண்ணா என்று சொல்லிவிட்டான். மீதிப் பத்து பேரில் இரண்டு பேர் ஒரு வாரத்திலேயே கோயம்புத்தூர் பக்கம் போய்விட்டார்கள், எட்டு பேர் கொளஞ்சியப்பனிடம்தான் இருக்கிறார்கள், கார்டு அவரவர் பையில்தான் இருக்கிறது. போன வாரம் ஜெயங்கொண்டம் பஸ் ஸ்டாண்டில் கொளஞ்சியப்பன் என்னைப் பார்த்துவிட்டு காரை நிறுத்தினார். என்ன அய்யாக்கண்ணு, நான் சொன்னேன்ல, கார்டு கைக்குப் போச்சுன்னா ஆளு வரமாட்டான்னு, வந்தானா என்று கேட்டார். நாலு பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடனே வார்த்தை வந்தது, பாப்பா, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. வரலங்க, வரணும்னா வர்றதும் வேணாம்னா வராம இருக்குறதும் அவன் உரிமைதானுங்களே என்றேன். அவர் என்னைப் பார்த்தார், கார் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். கோபமாகப் போனாரா, யோசித்துக்கொண்டு போனாரா என்று தெரியவில்லை. உரிமை என்ற வார்த்தையை மேடையில் பேசுகிறவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன், நான் என் வாயால் ஒரு முதலாளியிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. நீ பக்கத்தில் இருந்திருந்தால் சிரித்திருப்பாய்.

வேலையைப் பற்றிக் கவலைப்படாதே. முந்திரி முடிகிற வரைக்கும் நம் கொல்லையிலேயே எனக்கு வேலை இருக்கிறது. வைகாசியில் குன்னம் பக்கம் ஒரு கட்டட கான்ட்ராக்டர் சூப்பர்வைசராகக் கூப்பிட்டிருக்கிறார், அங்கேயும் வடக்கத்தி ஆட்கள்தான். அவங்க கார்டு அவங்ககிட்டத்தான் இருக்கணும், ஜெராக்ஸ் மட்டும் நாம வச்சுக்கலாம், சம்மதம்னா வரேன் என்று சொல்லியிருக்கிறேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறார். சொல்லட்டும்.

உன் ஆய்வுக்காக வெளிநாடு போய்த் திரும்பி வந்தவர்களிடம் நீ பேச வேண்டும் என்றும், அப்பாவிடம் கேட்கத்தான் பயமாக இருக்கிறது என்றும் அம்மாவிடம் சொன்னாயாமே. கேள், பாப்பா. எத்தனை நாள் வேண்டுமானாலும் கேள், தம்மாமில் நடந்ததும் இங்கே நடந்ததும் எதையும் மறைக்காமல் சொல்கிறேன், எனக்குக் கொடுக்கப்படாததையும் நான் கொடுக்காமல் வைத்திருந்ததையும் இரண்டையும் எழுது, ஒன்றை விட்டு ஒன்றை எழுதினால் அது பொய்யாகிவிடும். ஆய்வுக்குப் பேசுகிற ஆட்களின் பெயரை மாற்றித்தான் போடுவார்கள் என்றும் சொன்னாயாம். எனக்கு மாற்ற வேண்டாம். அந்த ஊர் வாத்தியார்களுக்கு வாயில் நுழையாவிட்டாலும் பரவாயில்லை, அய்யாக்கண்ணு, உடையார்பாளையம், அரியலூர் மாவட்டம் என்றே போடு. என்னைக் கேள்வி கேட்ட பிள்ளையைத் திமிர் பிடித்தவள் என்று சொன்ன வாய் இது, அதே வாயால் சொல்கிறேன், உன்னைப் பெற்றதற்கு நானும் உன் அம்மாவும் என்ன புண்ணியம் செய்தோமோ தெரியவில்லை.

காலையில் வெறும் வயிற்றோடு வகுப்புக்கு ஓடாதே. சைக்கிளில் போகும்போது கையுறை போட்டுக்கொள், ஐஸ் உறைந்த ரோட்டில் வேகம் வேண்டாம். அம்மா பருப்புப் பொடியும் இட்லிப் பொடியும் தனிப் பார்சலாக அனுப்புகிறாள், வந்ததும் ஒரு போன் பண்ணு. படிப்பு முடிந்து அங்கேயே வேலை கிடைத்தாலும் சரி, டெல்லிக்கு வந்தாலும் சரி, நம் அரியலூரிலேயே உட்கார்ந்து வேலை பார்த்தாலும் சரி, எங்கே இருந்தாலும் நிறைந்த ஆயுசோடு, நாலு பேருக்கு நியாயம் சொல்கிற இடத்தில் நீ இருக்க வேண்டும் என்று இரண்டு பேரும் மனதார வாழ்த்துகிறோம். கடைசியாக ஒன்று. உன் பாஸ்போர்ட்டை உன் பையிலேயே பத்திரமாக வைத்துக்கொள். யார் கேட்டாலும் காட்டு, யாரிடமும் விட்டுவிட்டு வராதே.

என்றும் உன் நன்மையை நினைத்திருக்கும்
உன் அப்பா,
க. அய்யாக்கண்ணு